கோபுரத்தில் அன்னை, வகுப்பறையில் யார்?

(இருபாலர் கல்வி குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், சவுத் பெண்ட் என்ற ஊரை ஒட்டி ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் பெயர் நோட்டர் டேம். ‘நம் அன்னை’ என்பது அந்தப் பிரெஞ்சுச் சொற்களின் பொருள். அதன் தலைமைக் கட்டடத்தின் உச்சியில் பொன்முலாம் பூசிய குவிமாடம் ஒன்று உண்டு. அந்தக் குவிமாடத்தின் மேல் நிற்பது மரியன்னையின் சிலை. பல மைல் தொலைவில் வரும்போதே அந்தச் சிலை கண்ணில் பட்டுவிடும்.

பெயரில் ஒரு பெண். கோபுரத்தின் உச்சியில் ஒரு பெண். ஆனால், 1842ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அந்தக் கல்லூரி, 1972ஆம் ஆண்டு வரை இளங்கலை வகுப்பில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 130 ஆண்டுகள் அது ஆண்கள் கல்லூரியாகவே இருந்தது.

அந்தக் கதவு எப்படித் திறந்தது, யாருக்காகத் திறந்தது, திறந்த பிறகு என்ன நடந்தது? இந்தக் கேள்விகளுக்கான விடை, மகளைக் கல்லூரிக்கு அனுப்பும் ஒவ்வொரு பெற்றோருக்கும், பள்ளி வாரியங்களில் அமர்ந்திருப்போருக்கும் பயன்படக்கூடியது. ஏனெனில், ஒரு நிறுவனம் பெண்களைச் சேர்த்துக்கொள்வது வேறு. அவர்களுக்கு இடம் கொடுப்பது வேறு. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை நோட்டர் டேமின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

பிரிவினை எங்கிருந்து வந்தது?

மலேசியா, சிங்கப்பூரில் வாழும் தமிழர்களுக்குக் கத்தோலிக்கப் பள்ளிகள் புதியவை அல்ல. பையன் என்றால் லா சால் சகோதரர்கள் நடத்தும் பள்ளி, பெண் என்றால் கன்னியாஸ்திரிகள் நடத்தும் கான்வெண்ட் என்று பல குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வழக்கம் இருந்தது. பினாங்கில் செயின்ட் சேவியர்ஸ் பள்ளியும் லைட் ஸ்திரீட் கான்வெண்டும் 1852ஆம் ஆண்டு என்ற ஒரே ஆண்டைத் தங்கள் தொடக்கமாகக் கொண்டவை. ஒரே ஊர், ஒரே சமயம், ஒரே ஆண்டு. ஆனால் அண்ணன் ஒரு வாசல், தங்கை வேறு வாசல்.

இது ஏதோ கீழ்த்திசை நாடுகளுக்கென்று ஏற்பட்ட ஏற்பாடு என்று எண்ணிவிடக் கூடாது. உலகெங்கும் கத்தோலிக்கத் திருச்சபையின் கொள்கையே அதுவாக இருந்தது. 1929ஆம் ஆண்டில் பதினொன்றாம் பத்திநாதர் என்ற போப்பாண்டவர் கல்வி குறித்து ஒரு சுற்றுமடல் வெளியிட்டார். இருபாலரையும் ஒன்றாக அமர்த்திக் கற்பிக்கும் முறை தவறானது, தீங்கானது என்று அதில் அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். குறிப்பாக விடலைப் பருவத்தில் அது ஆகாது என்பது அவர் கருத்து.

ஆனால் தேவை என்று ஒன்று வந்தால் விதி கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இயேசு சபையினர் நடத்தும் மார்க்கெட் பல்கலைக்கழகம், 1909ஆம் ஆண்டிலேயே கோடைக்கால வகுப்புகளில் பெண்களைச் சேர்த்தது. காரணம் எளிது. கத்தோலிக்கப் பள்ளிகளில் ஆசிரியர்களாக இருந்த கன்னியாஸ்திரிகளுக்குப் பட்டம் தேவைப்பட்டது. 

நோட்டர் டேமும் 1918ஆம் ஆண்டில் கோடைக்காலப் பள்ளியைத் தொடங்கியது. ஆண்டுதோறும் மாணவர்கள் விடுமுறைக்குச் சென்ற பிறகு, கன்னியாஸ்திரிகள் அந்த வளாகத்துக்கு வந்து படித்தார்கள். வகுப்புகள் மீண்டும் தொடங்கும் முன் கிளம்பிப் போனார்கள். வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லாதபோது வந்து போகும் விருந்தாளி போல என்று சொல்லலாம்.

சாலையின் இருபுறமும்

நோட்டர் டேமைத் தொடங்கியவர் எட்வர்ட் சோரின் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். திருச்சிலுவைச் சபையைச் சேர்ந்தவர். அவர் வந்த அடுத்த ஆண்டே, அதாவது 1843ஆம் ஆண்டில், அதே சபையின் கன்னியாஸ்திரிகளும் பிரான்சிலிருந்து கடல் கடந்து வந்து சேர்ந்தார்கள். புதிய கல்லூரியில் அவர்கள் செய்த வேலை என்ன? சமையல், துணி வெளுப்பது, நோயில் படுத்தவர்களைக் கவனிப்பது. பிற்காலத்தில், வளாகத்தில் தங்கிப் படித்த சிறு பையன்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததும் அவர்கள்தாம்.

ஆகவே, 1972ஆம் ஆண்டில்தான் பெண்கள் அந்த வளாகத்துக்குள் வந்தார்கள் என்று சொல்வது சரியல்ல. அவர்கள் முதலிலிருந்தே அங்கே இருந்தார்கள். அடுக்களையில் இருந்தார்கள், வகுப்பறையின் இருக்கையில்தான் இல்லை.

அந்தச் சகோதரிகள் சும்மா இருந்துவிடவில்லை. 1844ஆம் ஆண்டில் பெண்களுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். 1855ஆம் ஆண்டில் அது நோட்டர் டேமுக்கு எதிர்ப்புறம் இடம் மாறியது. நடுவே ஒரு நெடுஞ்சாலை மட்டுமே. அதுதான் செயின்ட் மேரீஸ் கல்லூரி. இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். நோட்டர் டேமின் குவிமாடத்தின் மேல் நிற்கும் அன்னையின் சிலை, சாலைக்கு அப்பால் இருந்த செயின்ட் மேரீஸ் பெண்கள் அளித்த அன்பளிப்பு. சிலையை அனுப்பிவைக்க முடிந்தது. மாணவியை அனுப்ப முடியவில்லை.

செயின்ட் மேரீஸ் கல்லூரியின் பெருமைக்கு ஒரு சான்று போதும். அருட்சகோதரி மடலெவா வோல்ஃப் என்பவர் 1934 முதல் 1961 வரை அதன் தலைவராக இருந்தார். கவிஞர், பெரும் படிப்பாளி. இறையியலில் உயர்பட்டம் பெற விரும்பிய பெண்களை எந்தக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகமும் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. யாரிடமும் போய்க் கெஞ்சுவதில் பயனில்லை என்று கண்ட அவர், 1943ஆம் ஆண்டில் தம் கல்லூரியிலேயே இறையியல் உயர்கல்விப் பள்ளி ஒன்றைத் தொடங்கிவிட்டார். பெண்கள் அங்கே முனைவர் பட்டம் வரை படித்தார்கள். ஒரு சிறிய பெண்கள் கல்லூரி, பெரிய பல்கலைக்கழகங்கள் செய்யத் துணியாததைச் செய்து காட்டியது.

காற்று மாறியது

1960களில் காற்று மாறியது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபையின் பல பழக்கங்களை மறுபரிசீலனை செய்ய வைத்தது. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டமும், அதைத் தொடர்ந்து பெண்ணுரிமை இயக்கமும் வலுப்பெற்றன. 

அப்போது நோட்டர் டேமின் தலைவராக இருந்தவர் அருட்தந்தை தியோடர் ஹெஸ்பர்க். 1952 முதல் 1987 வரை 35 ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தவர். அமெரிக்க அரசின் சிவில் உரிமை ஆணையத்தில் 1957ஆம் ஆண்டு முதல் உறுப்பினர். 1969ஆம் ஆண்டில் அதன் தலைவர். நாட்டின் சம உரிமைக்காகப் பேசியவரின் சொந்தக் கல்லூரியில் பாதி மனிதகுலத்துக்கு இடமில்லை என்பது எவர் கண்ணையும் உறுத்தக்கூடியதுதான். 1967ஆம் ஆண்டில் அவர், பல்கலைக்கழகத்தின் ஆட்சிப் பொறுப்பைச் சபையின் கையிலிருந்து, பொதுநிலையினரும் குருக்களும் சேர்ந்த அறங்காவலர் குழுவுக்கு மாற்றினார். பெரிய மாற்றங்களுக்கு அது வழி திறந்தது.

ஆனால் உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டும். ஆண்கள் கல்லூரிகள் கதவைத் திறந்ததற்கு நீதி உணர்வு ஒன்றே காரணம் அல்ல. 1969ஆம் ஆண்டில் யேல், பிரின்ஸ்டன் ஆகிய புகழ்பெற்ற பல்கலைக்கழகங்கள் இளங்கலை வகுப்புகளில் பெண்களைச் சேர்த்தன. அதே ஆண்டில் இயேசு சபையினரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் தன் முதன்மைக் கல்லூரியைப் பெண்களுக்குத் திறந்தது. 1970ஆம் ஆண்டில் பாஸ்டன் கல்லூரி முழுமையாகத் திறந்தது. கெட்டிக்கார மாணவர்கள், ஆண்கள் மட்டும் படிக்கும் இடத்தை விட்டு, இருபாலரும் படிக்கும் இடத்தைத் தேடத் தொடங்கினார்கள். நல்ல மாணவர்களை இழந்துவிடுவோமோ என்ற அச்சம் ஆண்கள் கல்லூரிகளைப் பிடித்தது.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பெண்களுக்குக் கல்வி தேவை என்பதற்காகக் கதவு திறந்தால், பெண்ணின் தேவை முன்னே நிற்கும். கல்லூரிக்குப் பெண்கள் தேவை என்பதற்காகக் கதவு திறந்தால், கல்லூரியின் தேவைதான் முன்னே நிற்கும். வாசல் ஒன்றுதான், ஆனால் உள்ளே வருபவரை நடத்தும் விதம் வேறாகிவிடும்.

பேசி முறிந்த சம்பந்தம்

நோட்டர் டேமுக்கு ஒரு வசதி இருந்தது. சாலையைக் கடந்தால் ஒரு பெண்கள் கல்லூரி. 1960களின் நடுப்பகுதியில் இருந்தே இரு கல்லூரி மாணவர்களும் ஒருவர் கல்லூரியில் மற்றவர் சில பாடங்களைப் படிக்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்திருந்தது. இரண்டையும் இணைத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் இரு பக்கமும் எழுந்தது.

ரோஸ்மேரி பார்க், லூயிஸ் மேஹ்யூ என்ற இரு கல்வியாளர்களிடம் ஆலோசனை கேட்கப்பட்டது. 1970ஆம் ஆண்டின் இறுதியில் அவர்கள் அறிக்கை தந்தார்கள். செயின்ட் மேரீஸ், தன் தனித்தன்மையை இழக்காமல், பெரிய பல்கலைக்கழகத்துக்குள் ஒரு தனிக் கல்லூரியாக இயங்கலாம் என்பது அவர்கள் காட்டிய வழி. 1971ஆம் ஆண்டு மே மாதம் இரு கல்லூரிகளும் இணையப் போவதாக அறிவித்தன.

இரு வீட்டார் கூடிப் பேசிய சம்பந்தம் போலத்தான் அது இருந்தது. பேச்சுத் தொடங்கும்போது இரு பக்கமும் சிரித்த முகம். உட்கார்ந்து கணக்குப் போடும்போதுதான் கேள்விகள் எழுந்தன. சகோதரிகளின் நிலமும் கட்டடங்களும் யாருடையவை ஆகும்? இரண்டு துறைகள் ஒன்றானால் எந்தத் துறைத்தலைவர் நீடிப்பார்? பட்டச் சான்றிதழில் எந்தப் பெயர் இருக்கும்? ஒரு பக்கம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். மறுபக்கம் இரண்டாயிரத்துக்கும் குறைவான மாணவிகள். பெரிய வீட்டுக்குள் சிறிய வீடு நுழைந்தால், சிறிய வீட்டின் பெயர் எத்தனை நாள் நிற்கும்?

அப்போது செயின்ட் மேரீசின் இடைக்காலத் தலைவராக இருந்தவர் அருட்சகோதரி அல்மா பீட்டர். சபையின் சகோதரிகள் நூறாண்டுக்கு மேல் உழைத்துக் கட்டிய ஒரு நிறுவனம், ஒரு கையெழுத்தில் கரைந்துவிடுமா என்ற பொறுப்பு அவர் தோளில் இருந்தது.

1971ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி, இணைப்பு கைவிடப்பட்டதாக இரு கல்லூரிகளும் கூட்டாக அறிவித்தன. பணம், நிர்வாகம் ஆகியவை சார்ந்த சிக்கல்களைத் தீர்க்க முடியவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். அதோடு, அடுத்த ஆண்டு முதல் நோட்டர் டேம் தானாகவே மாணவிகளைச் சேர்க்கப் போவதாகவும் அறிவிப்பு வந்தது.

இடையில் தவித்தவர்கள் மாணவிகள். இணைப்பை நம்பி, நோட்டர் டேமின் துறைகளில் பாடம் எடுத்தவர்கள் இருந்தார்கள். எந்தக் கல்லூரியின் பட்டம் கிடைக்கும் என்பதே அவர்களுக்குக் கேள்வியாகிவிட்டது. அவர்களுள் ஒருவர்தான், 1972ஆம் ஆண்டுப் பட்டமளிப்பில் நோட்டர் டேமின் இளங்கலைப் பட்டம் பெற்ற முதல் பெண்ணானார். பெண்களின் சேர்க்கை முறையாகத் தொடங்கும் முன்பே அவர் பட்டம் வாங்கி வெளியேறிவிட்டார்.

முந்நூற்று அறுபத்தைந்து பேர்

1972ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23ஆம் தேதி அமெரிக்காவில் ஒரு சட்டம் கையெழுத்தானது. ‘ஒன்பதாம் தலைப்பு’ என்று அதைக் குறிப்பிடுவார்கள். அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்கள் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதன் சாரம். அதை முன்னின்று கொண்டுவந்தவர்களுள் ஒருவர் நோட்டர் டேம் அமைந்துள்ள இண்டியானா மாநிலத்தின் செனட்டர் பர்ச் பே. மற்றொருவர் ஹவாய் தீவைச் சேர்ந்த பேட்ஸி மிங்க் அம்மையார். ஆனால் தனியார் கல்லூரிகளின் இளங்கலைச் சேர்க்கைக்கு அந்தச் சட்டம் விலக்கு அளித்தது. ஆகவே, நோட்டர் டேம் சட்டத்துக்குப் பயந்து கதவைத் திறக்கவில்லை. முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது.

அந்த ஆண்டு இலையுதிர்ப் பருவத்தில் 365 மாணவிகள் வந்தார்கள். அவர்களுள் 125 பேர் முதலாண்டு மாணவிகள்; 240 பேர் மற்ற கல்லூரிகளிலிருந்து மாறி வந்தவர்கள். செயின்ட் மேரீசிலிருந்து சாலையைக் கடந்து வந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். பேடின், வால்ஷ் என்ற இரண்டு விடுதிகள் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. அங்கே தங்கியிருந்த ஆண்கள் வெளியேற வேண்டியதாயிற்று. நோட்டர் டேமில் விடுதி என்பது வெறும் படுக்கும் இடம் அல்ல. ஒரு குடும்பம் போன்றது. அதற்கென்று கொடி, பெயர், பழக்கவழக்கம் எல்லாம் உண்டு. தங்கள் வீட்டைப் பிடுங்கி யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்ற வருத்தம் அந்த மாணவர்களிடம் இருந்தது. வந்தவர்கள் என்ன செய்வார்கள்? கேட்காமலேயே ஒரு கோபத்துக்கு ஆளானார்கள்.

ஏறத்தாழ 17 ஆண்களுக்கு ஒரு பெண் என்பது அன்றைய விகிதம். நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் இரண்டு மாணவிகள் இருந்தால் அதிகம். இந்த விஷயத்தில் பெண்களின் கருத்து என்ன என்று விரிவுரையாளர் கேட்பார். எல்லாத் தலைகளும் அந்த இருவர் பக்கம் திரும்பும். தன் கருத்தைச் சொல்ல வந்த ஒரு பத்தொன்பது வயதுப் பெண், உலகிலுள்ள எல்லாப் பெண்களின் கருத்தையும் சொல்லியாக வேண்டும். உணவுக்கூடத்தில் நுழைவதே ஒரு சோதனையாக இருந்தது. நூற்றுக்கணக்கான கண்கள் வாசலை நோக்கும். இந்த அனுபவங்களை அந்த முதல் அணியினர் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்கள். பெரிய கொடுமை என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நாள்தோறும் செருப்புக்குள் கிடக்கும் சிறு கல் போன்றது அது.

அந்தக் கல்லை எடுத்துப் போட உதவியவர்களும் இருந்தார்கள். அருட்சகோதரி ஜான் மிரியம் ஜோன்ஸ் என்ற அறிவியலாளர் 1972ஆம் ஆண்டில் நிர்வாகத்தில் சேர்ந்து, பெண்களின் நலனைக் கவனித்தார். அருட்சகோதரி ஜீன் லென்ஸ் 1973ஆம் ஆண்டில், அப்போது பெண்கள் விடுதியாக மாற்றப்பட்ட ஃபார்லி விடுதியின் பொறுப்பாளரானார். விடுதி மாணவிகளுக்கு அவர் தாயும் தோழியுமாக இருந்தார். ஒரு காலத்தில் அடுக்களையோடு நிறுத்தப்பட்ட கன்னியாஸ்திரிகள், இப்போது அடுத்த தலைமுறைப் பெண்களை வகுப்பறைக்குள் கைபிடித்து அழைத்து வந்தார்கள்.

கதவு திறந்த பிறகு

கதவு ஒரே நாளில் திறந்தது. வீடு மாறுவதற்கு எத்தனை ஆண்டுகள் ஆயின என்று பார்ப்போர் வியப்படைவார்கள்.

நோட்டர் டேமில் ஆண்களும் பெண்களும் தனித்தனி விடுதிகளில்தான் தங்குவார்கள். இன்றும் அதுவே வழக்கம். அதனால் தொடக்க ஆண்டுகளில், பெண்களுக்கு எத்தனை படுக்கை உண்டோ அத்தனை மாணவிகளுக்குத்தான் இடம். மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும், படுக்கை இல்லையென்றால் சேர்க்கை இல்லை. பெண்களின் எண்ணிக்கைக்குப் போடப்பட்டிருந்த இந்த வரம்பு 1990களில்தான் நீங்கியது. கதவு திறந்து இருபது ஆண்டு ஆன பிறகும், அது பாதிதான் திறந்திருந்தது என்று பொருள்.

விளையாட்டை எடுத்துக்கொள்வோம். கால்பந்தாட்டத்தால் உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகம் அது. பெண்களின் கூடைப்பந்துக் குழு அதிகாரபூர்வமான பல்கலைக்கழகக் குழுவானது 1977ஆம் ஆண்டில். 1987ஆம் ஆண்டில் மஃபெட் மெக்ரா என்ற பயிற்றுநர் பொறுப்பேற்றார். அவர் பயிற்சியில் 2001ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் அந்தக் குழு தேசிய வெற்றியாளர் பட்டத்தை வென்றது. இடமும் காலமும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சான்று.

அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சராக இருந்த கோண்டலீசா ரைஸ், 1975ஆம் ஆண்டில் முதுகலைப் பட்டம் பெற்றது இங்கேதான். ஹாங்காங்கில் பிறந்த கேரலின் வூ, 1997ஆம் ஆண்டு முதல் 2011ஆம் ஆண்டு வரை அதன் வணிகவியல் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றினார். இன்று இளங்கலை மாணவர்களுள் ஏறத்தாழச் சரிபாதி பெண்கள்.

இருந்தும் சில விஷயங்கள் மிக மெதுவாகவே நகர்ந்தன. அந்தப் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற வெற்றிப் பாடல், மகன்களை மட்டுமே குறிப்பிட்டு வந்தது. அருட்சகோதரி ஜீன் லென்ஸ் 2002ஆம் ஆண்டில் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டபோது, அதன் தலைப்பிலேயே மகன்களோடு மகள்களையும் சேர்த்து எழுதினார். பாடலில் மகள்கள் இடம்பெற்றது 2022ஆம் ஆண்டில், பெண்கள் வந்து ஐம்பது ஆண்டு நிறைவடைந்த விழாவின்போது. ஒரு சொல்லைச் சேர்க்க அரை நூற்றாண்டு.

இன்னொன்று இன்னும் மாறவில்லை. பல்கலைக்கழகத்தின் தலைவர் திருச்சிலுவைச் சபையின் குருவாக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. 2024ஆம் ஆண்டில் பொறுப்பேற்ற தலைவரும் அந்தச் சபையின் குருதான். ஒரு பெண் அங்கே மாணவியாகலாம், பேராசிரியர் ஆகலாம், துறை முதல்வர் ஆகலாம், தலைவராக முடியாது. அது ஒரு சமய நிறுவனத்தின் அடையாளம், அதை மதிக்க வேண்டும் என்று சொல்வோர் உண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சாலைக்கு அப்பால் 1934ஆம் ஆண்டிலேயே ஒரு பெண் தலைவராக இருந்து கல்லூரியை நடத்தினார் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

கரைந்து போனவையும் கரையாமல் நின்றதும்

ஆண்கள் கல்லூரிகள் கதவைத் திறந்தபோது கைதட்டல் எழுந்தது. அந்த ஓசையில் வேறொரு செய்தி பலர் காதில் விழவில்லை. பெண்கள் கல்லூரிகளுக்கு மாணவிகள் குறைந்தார்கள். பாஸ்டன் கல்லூரிக்கு அருகில் திரு இருதய சபைச் சகோதரிகள் நடத்திய நியூட்டன் கல்லூரி, பணநெருக்கடியால் 1975ஆம் ஆண்டில் அதனோடு இணைந்து மறைந்தது. சிகாகோவில் கன்னியாஸ்திரிகள் கட்டிய மண்டலின் கல்லூரி, 1991ஆம் ஆண்டில் இயேசு சபையினரின் லயோலா பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. பெண்கள் தாங்களே நிலம் வாங்கி, தாங்களே கட்டடம் எழுப்பி, தாங்களே தலைவராக இருந்து நடத்திய இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

பெண்களுக்கு நூறு கதவுகள் திறந்தன என்பது உண்மை. பெண்களின் கையில் சாவி இருந்த கதவுகள் குறைந்துபோயின என்பதும் உண்மைதான்.

செயின்ட் மேரீஸ் கரைந்துவிடவில்லை. 1971ஆம் ஆண்டில் அந்த இணைப்பு முறிந்தது பெரும் தோல்வி என்று அப்போது பலர் எண்ணினார்கள். இன்று திரும்பிப் பார்க்கும்போது அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. பெண்கள் கல்லூரியாகவே அது இன்றும் நிற்கிறது. அதன் மாணவிகள் சாலையைக் கடந்து நோட்டர் டேமில் பாடம் படிக்கிறார்கள். அங்குள்ள மன்றங்களிலும் பங்கெடுக்கிறார்கள். மாலையில் தங்கள் கல்லூரிக்குத் திரும்புகிறார்கள். அந்த ஊரில் படிக்க வரும் ஒரு பெண்ணுக்கு இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. சம்பந்தம் கூடியிருந்தால் ஒன்றுதான் இருந்திருக்கும்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

சிங்கப்பூரில் 1975ஆம் ஆண்டில் கத்தோலிக்கத் தொடக்கக் கல்லூரி நிறுவப்பட்டது. ஆண்கள் பள்ளிகளில் படித்தவர்களும் கான்வெண்டில் படித்தவர்களும் அங்கே புகுமுக வகுப்பில் ஒன்றாக அமர்ந்தார்கள். அதில் ஒரு நன்மை உண்டு. அது புதிய வீடு. ஒருவர் வீட்டுக்காரர், மற்றவர் விருந்தாளி என்ற பேச்சுக்கே இடமில்லை. இருபாலரும் ஒரே நாளில் குடிபுகுந்தார்கள்.

எல்லாக் கல்லூரிகளுக்கும் அப்படிப் புதிதாகத் தொடங்கும் வாய்ப்புக் கிடைப்பதில்லை. பழைய வீட்டுக்குள் புதியவர்களை வரவேற்க வேண்டிய நிலைதான் பெரும்பாலும். அப்படி ஓர் ஆண்கள் கல்லூரியோ பள்ளியோ பெண்களுக்குக் கதவைத் திறக்கிறது என்ற செய்தி வந்தால், மகிழ்ச்சி அடைவதோடு பெற்றோர் நின்றுவிடக் கூடாது. விடுதியில் எத்தனை இடம்? பாடம் நடத்துவோருள் எத்தனை பெண்கள்? ஆலோசனை கேட்க ஒரு பெண் அதிகாரி இருக்கிறாரா? முடிவெடுக்கும் குழுவில் பெண்கள் அமர்ந்திருக்கிறார்களா? விளையாட்டுத் திடலில் மாணவிகளுக்கு எந்த நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது? அருகில் இருக்கும் பெண்கள் பள்ளியின் கதி என்ன ஆகும்? இவற்றைக் கேட்பது குறைகூறுவது ஆகாது. இந்தக் கேள்விகளை முன்கூட்டியே கேட்டு விடை கண்டிருந்தால், நோட்டர் டேமின் முதல் மாணவிகளுக்குப் பாதிச் சுமை குறைந்திருக்கும்.

அந்த 365 பேர் இன்று எழுபது வயதைத் தாண்டியவர்கள். அவர்களுடைய பேத்திகள் கல்லூரியில் நுழையும் வயதில் இருக்கிறார்கள். அந்தப் பேத்திகளில் ஒருத்தி நோட்டர் டேமின் வகுப்பறையில் அமர்ந்திருந்தால், பெண்களின் கருத்து என்ன என்று அவளை யாரும் கேட்க மாட்டார்கள். உன் கருத்து என்ன என்றுதான் கேட்பார்கள். இந்த ஒரு சொல் மாறுவதற்காகத்தான் அவளுடைய பாட்டி, நூற்றுக்கணக்கான கண்களுக்கு நடுவே, தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, தலைநிமிர்ந்து அந்த உணவுக்கூடத்துக்குள் நடந்து போனாள்.